லாரி ஏசி கண்டென்சர் லீக்: சொந்தக் கையில மாத்தலாமா, கடைக்கே விடணுமா?

பன்னெண்டுவீல், நாமக்கல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. சொந்த வண்டி, பன்னெண்டு வீலு. கேபின் ஏசி கம்பெனியில இருந்தே வந்தது. போன வருசம் கோடைக்கு முன்னாடி கேஸ் போட்டேன், நாலு மாசம் நின்னுச்சு. இந்த வருசம் பிப்ரவரி கடைசியில மறுபடி போட்டேன், இருபதே நாள். நாக்பூர்ல லோடு இறக்கிட்டு ஐதராபாத் வர்றதுக்குள்ள வெறும் அனல் காத்துதான் வருது. ரெண்டு தடவையும் கேஸ் போட்டவர் லீக் எங்கேன்னு தேடவே இல்ல. "கொறைஞ்சிருக்கு, ஏத்திக்கலாம்"னு ஏத்தி அனுப்பிட்டார்.

இப்ப வேற கடையில காட்டினா கண்டென்சர் (முன் கிரில்லுக்குப் பின்னாடி ஏசி கேஸோட சூட்டை வெளிய தள்ளுற ஜாலி) போச்சு, மொத்தம் 19 ஆயிரம், வண்டிய ரெண்டு நாள் விடணும்ங்கறாங்க. நேத்து நானே முன் கிரில்லைத் தூக்கிப் பார்த்தேன். கண்டென்சரோட கீழ் வலது மூலையில உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதுல புழுதி ஒட்டிக் கன்னங்கரேல்னு கிடக்குது. ஷாம்பு பாக்கெட் ஒண்ணைத் தண்ணியில கரைச்சு பிரஷ்ல தடவினேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் கடுகு கடுகா நுரை, ஒரே இடத்துல இருந்து வந்துச்சு.

கிளட்ச் பிளேட் வரைக்கும் நானே இறக்கி ஏத்துனவன், ஸ்பேனர் புடிக்கத் தெரியும். ஆனா ஏசி பக்கம் கை வெச்சதில்ல. ஆர்கான் வெல்டிங் வெச்சா நிக்குமா? புதுசுதான் போடணுமா? கேஸும் நானே ஏத்திக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லோடுமேன்2, ஓசூர்

பாஸ், இதுக்குப் போயி ஏன் கழட்டுறீங்க. லீக் அடைக்கிற மருந்து டின்ல விக்குது. லோ சைடுல, அதாவது பிரஷர் கம்மியா இருக்குற பைப் பக்கம், ஏத்திவிட்டா உள்ள ஓடி ஓட்டைய அதுவே அடைச்சுக்கும். என் கார்ல போட்டேன், ஆறு மாசமா ஓடுது.

கேஜ்செட், சேலம்

அந்த மருந்தை மட்டும் போட்டுடாதீங்க. முப்பது வருசமா ஏசி வேலைதான் பாக்குறேன். அந்த மருந்துல பாதி ஈரத்தைப் பார்த்தா கெட்டியாகுற சரக்கு. ஓட்டை வாசல்ல வெளிக்காத்து ஈரம் படும், அங்க கெட்டியாகும்ங்கறதுதான் கணக்கு. ஆனா சிஸ்டத்துக்குள்ளயே ஈரம் இருந்தா, கேஸைப் பீய்ச்சி விடுற எக்ஸ்பான்ஷன் வால்வுல போயி உக்காந்துக்கும். அதோட துவாரம் ஊசி மொனை அளவு. அப்புறம் வால்வு, டிரையர், கம்ப்ரசர்னு வரிசையா காசு போகும். மருந்து போட்ட வண்டின்னு தெரிஞ்சா நான் என் பிரஷர் கேஜையே மாட்ட மாட்டேன், ஓஸுக்குள்ள ஒட்டிக்கும். ஓசூர் தம்பி கார்ல நின்னது சந்தோசம். லாரி ஆட்டத்துக்கு அது ஆகாது.

நாமக்கல் தம்பி, முதல்ல ரெண்டு விசயம் சொல்லுங்க. ஸ்விட்சைப் போட்டா கம்ப்ரசர் கிளட்ச் டக்குனு புடிக்குதா? எங்கயாவது கேஜ் கடன் வாங்கி, எஞ்சின் நின்ன நிலையில லோ சைடு, ஹை சைடு ரெண்டு பக்கமும் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. நுரை வந்த இடம் ஒண்ணு கண்ணுல பட்டுச்சுன்னு அதோட விட்றாதீங்க. கம்ப்ரசர் முன்னாடி ஷாஃப்ட் சீல், ஓஸை பைப்போட நசுக்கிச் சேர்த்த (க்ரிம்ப்) இடம், சார்ஜ் பண்ற வால்வோட மூடி, இது மூணையும் சோப்புத் தண்ணியில பாருங்க. நாம ஏசியில ஏத்துற 134ஏ கேஸ் காத்தை விட கனம், கீழ இறங்கும். லீக் டிடெக்டர் வெச்சிருந்தா ஜாயிண்டுக்கு அடியில காட்டணும், மேல காட்டிப் பிரயோசனம் இல்ல.

உப்புலோடு, தூத்துக்குடி

அண்ணாச்சி, எங்க ஊர்ப்பக்கம் இது வருசா வருசம் நடக்குத கதை. உப்பளத்துல லோடு ஏத்துத வண்டிக்கு கண்டென்சர் ரெண்டு மூணு வருசம் தாங்குனா பெரிசு. அலுமினியத்துக்கு உப்பு ஆகவே ஆகாது. வெளிய பார்த்தா வெள்ளையா பொடி பூத்த மாதிரி இருக்கும். அதை நகத்தால சுரண்டுனா உள்ள குழி விழுந்திருக்கும். அப்படிப் பூத்திருந்தா வெல்டிங் பேச்சே எடுக்காதீங்க. ஒரு ஓட்டைய அடைச்சா பக்கத்துலயே அடுத்தது தொறக்கும்.

பன்னெண்டுவீல், நாமக்கல்

அண்ணே, பார்த்தேன். கிளட்ச் புடிக்கவே இல்ல. கடன் கேஜ்ல ரெண்டு பக்கமும் 20 பிஎஸ்ஐதான். நிழல்ல 33 டிகிரி வெயில். ஷாஃப்ட் சீல் பக்கம் காய்ஞ்சு சுத்தமா இருக்கு, ஓஸ்லயும் நுரை இல்ல. உப்பு லோடு நான் ஏத்துனதில்ல, வெள்ளைப் பூப்பும் இல்ல. ஆனா ஓட்டை இருக்குற இடம் கண்டென்சரைப் புடிச்சிருக்குற பிராக்கெட்டை ஒட்டியே இருக்கு.

கேஜ்செட், சேலம்

அப்ப கணக்கு சரியா வருது. உள்ள துளி லிக்விட் இருந்தாக்கூட 33 டிகிரியில நின்ன வண்டி 105, 110 பிஎஸ்ஐ காட்டணும். 20ன்னா லிக்விடே இல்ல, மிச்சம் இருக்குறது வெறும் ஆவி. பிரஷர் சுமாரா 28 பிஎஸ்ஐக்குக் கீழ போனா பிரஷர் ஸ்விட்ச் கிளட்சுக்குக் கரண்டை வெட்டிடும். கேஸோடதான் எண்ணெயும் சுத்தும், கேஸ் இல்லாம ஓடுனா கம்ப்ரசர் காய்ஞ்சு பிடிச்சுக்கும்னு அந்த ஏற்பாடு. சில பேரு அந்த ஸ்விட்சை வயர் போட்டு நேரா குடுத்து "ஓடுது பாரு"ம்பாங்க. அப்படி ஓட்டி சாகடிச்ச கம்ப்ரசர் என் கடை மூலையில ஒரு கூடை கிடக்குது.

பிராக்கெட் பக்கம்னு சொன்னீங்களே, அதைக் கெட்டியா புடிச்சுக்குங்க. கழட்டுறப்ப ரப்பர் புஷ் உயிரோட இருக்கான்னு பாருங்க.

லேத்துக்காரன், சங்ககிரி

வெல்டிங் கேள்விக்கு நான் சொல்றேன், தினம் ஆர்கான் புடிக்கிறவன். பழைய வண்டியில வர்ற உருண்டைக் குழாய் கண்டென்சர்னா வெச்சுடலாம், குழாய் தடிமன் இருக்கும். இப்ப வர்றதெல்லாம் தட்டைக் குழாய். பட்டையா இருக்குற ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் சின்னச் சின்ன வழியா பிரிஞ்சிருக்கும், சுவர் ஒரு மில்லிமீட்டர்ல பாதிகூட இருக்காது. ஆர்க் பட்டதும் வெண்ணெய் மாதிரி உருகி ஓட்டை பெரிசாகும். ரெண்டு ஓரத்துலயும் நிக்குற ஹெடர் பைப்புலயோ பைப் சேர்ற பிளாக்குலயோ லீக்னா கொண்டு வாங்க, வெச்சுத் தர்றேன். நடுக்குழாய்ல ஓட்டைன்னா காசை வாங்கிட்டு ஏமாத்த எனக்கு மனசு வராது.

இன்னொண்ணு. உள்ள கேஸ் மிச்சம் இருக்குறப்ப யாரும் நெருப்பு வெச்சுடாதீங்க. 134ஏ நெருப்புல பட்டா ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகும். ஒரு தடவை மூக்குல ஏறி ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. எபாக்ஸி பசை பூசுறதும் வேண்டாம். ஓடுறப்ப ஹை சைடு 200, 250 பிஎஸ்ஐ, கூடவே சூடு, கூடவே ஆட்டம். பிச்சுக்கிட்டுப் போயிரும்.

ரிக்மேனேஜர், திருச்செங்கோடு

19 ஆயிரம்னதும் எல்லாரும் ஸ்பேனரைத் தூக்குறீங்க. ஒரு ட்ரிப் போனா என்ன வருமானம்னு கணக்குப் பண்ணுங்க. ரெண்டு நாள் கடையில விட்டா வேலை முடிஞ்சிரும். தானே பண்றேன்னு நாலு நாள் உக்காந்துட்டு, கடைசியில கடைக்கே போனவங்களை நான் பார்த்திருக்கேன்.

இதையும் சொல்லிடறேன், எங்க போர்வெல் ரிக்கு சத்தீஸ்கர் காட்டுக்குள்ள நிக்கிறப்ப கடைக்கு எங்க போக? அங்க எங்க பசங்களேதான் மாத்துவாங்க. தெரிஞ்சு வெச்சுக்கிறது தப்பில்ல. 2025 அக்டோபர் 1க்கு அப்புறம் தயாராகுற என்2, என்3 வண்டிக்கு, அதாவது மூணரை டன்னுக்கு மேல இருக்குற சரக்கு வண்டி அத்தனைக்கும், கேபின் ஏசி கட்டாயம்னு மத்திய அரசு 2023 டிசம்பர்லயே அறிவிச்சிருச்சு. இனி இந்த வேலை தெரியாத பட்டறையே இருக்க முடியாது. டிரைவருக்கு ஏசி எதுக்குன்னு கேட்ட ஓனருங்க நாங்கதான், ஒத்துக்கறேன்.

லேப்டெக்னிக், கோயமுத்தூர்

பாலிடெக்னிக்ல ரெஃப்ரிஜிரேஷன் லேப் பாத்துக்கிறவ நான். கண்டென்சரை யார் வேணும்னாலும் மாத்துங்க, கேஸ் வாங்குறப்ப மட்டும் மலிவு பாக்காதீங்க. 2011ல வியட்நாம்லயும் பிரேசில்லயும் குளிர்பதனக் கண்டெய்னர்களோட கம்ப்ரசர் வெடிச்சு மூணு பேர் செத்தாங்க. 134ஏன்னு சொல்லி ஏத்தின கேஸ்ல மீத்தைல் குளோரைடு, அதாவது ஆர்-40, கலந்திருந்ததுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அது அலுமினியத்தோட சேர்ந்தா டிரைமீத்தைல் அலுமினியம் உண்டாகும். அதுக்குத் தீப்பொறி தேவையில்ல, காத்து பட்டாலே பத்திக்கும். உங்க கண்டென்சர், கம்ப்ரசர் பாடி எல்லாமே அலுமினியம்தான்னு ஞாபகம் இருக்கட்டும். எல்பிஜி கலவை ஏத்துறவங்களும் இருக்காங்க. கூலிங் நல்லாவே வரும், ஆனா கேபினுக்குள்ள லீக் ஆனா பீடி பத்த வைக்கிற டிரைவர் கதி என்ன?

சுத்தமான 134ஏவையும் வேணும்னே காத்துல விடாதீங்க. பூமியச் சூடாக்குறதுல ஒரு கிலோ 134ஏ ஏறக்குறைய 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கேஸ் நிறைய இருந்தா, அதை உறிஞ்சிப் பிடிச்சு வைக்கிற ரெக்கவரி மெஷின் இருக்குற கடையில இறக்கிட்டுக் கழட்டுங்க. இவர் வண்டியில ஏற்கெனவே காலி, அது வேற.

கேஜ்செட், சேலம்

மேடம் சொன்னதை யாரும் லேசா எடுத்துக்காதீங்க. சரி, தம்பி முடிவு பண்ணிட்டாருன்னா வேலை எப்படின்னு சொல்றேன்.

எஞ்சின் ஆறட்டும். கண்ணாடியும் கையுறையும் போடுங்க. 134ஏ மைனஸ் 26 டிகிரியில கொதிக்கிற சரக்கு, லிக்விட் கண்ணுல தெறிச்சா கண்ணு போச்சு. மிச்சப் பிரஷர் பூஜ்யம்னு கேஜ்ல பார்த்துட்டுத்தான் நட்டுல கை வைக்கணும்.

பைப் கழட்டுறதுலதான் பாதிப் பேரு தோக்குறாங்க. நட்டு இரும்போ அலுமினியமோ, உள்ள போற பைப் அலுமினியம். வருசக்கணக்கா உறைஞ்சு பிடிச்சிருக்கும். ஒரே ஸ்பேனரைப் போட்டு முறுக்குனா நட்டோட பைப்பும் சேர்ந்து துணி பிழியற மாதிரி முறுக்கிக்கும். அப்புறம் அந்த பைப்புக்குத் தனியா அலையணும். ஒரு ஸ்பேனர் ஃபிட்டிங்கைப் பிடிக்க, ஒரு ஸ்பேனர் நட்டைத் திருப்ப. முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு வெச்சிருங்க. கழட்டின மறு நிமிசம் ரெண்டு வாயையும் பிளாஸ்டிக் சுத்தி ரப்பர் போட்டுடுங்க. உள்ள இருக்குற பேக் (PAG) ஆயில், அதாவது ஏசி கம்ப்ரசர் எண்ணெய், காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். ஆயில் டப்பாவையும் தொறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

பழைய கண்டென்சரைச் சாய்ச்சு வடியுற எண்ணெயை அளந்து பாருங்க. பொதுவா 30, 40 மில்லி புதுசுல ஊத்துனா போதும். எந்த பேக்னு, 46ஆ 100ஆ 150ஆன்னு, கம்ப்ரசர் ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், கடைக்காரர் வாய் வார்த்தைய நம்பாதீங்க. டிரையரைக் கட்டாயம் மாத்துங்க. உள்ள ஈரம் உறிஞ்சுற மணி இருக்குது, சிஸ்டத்தைத் தொறந்ததும் காத்து ஈரத்தை உறிஞ்சி அது செத்துடும். ஓ-ரிங் எல்லாம் புதுசு. தண்ணி பைப்புக்குப் போடுற கறுப்பு ரிங் வேண்டாம், ஏசிக்குன்னே விக்கிற பச்சை எச்என்பிஆர் ரப்பர் ரிங் கேளுங்க. அதே பேக் ஆயிலை விரல்ல தொட்டுத் தடவி மாட்டுங்க. காய்ஞ்ச ரிங்கை முறுக்குனா சுருண்டு வெட்டுப்படும். கிரீஸ் கூடாது.

கழட்டுனதும் ரேடியேட்டர் முகத்தைப் பாருங்க. கண்டென்சருக்கும் அதுக்கும் நடுவுல பூச்சி, பதர், பிளாஸ்டிக் பைன்னு ஒரு மெத்தையே இருக்கும். எஞ்சின் சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்டை மாத்திக்கிட்டே இருந்தவங்க நிறையப் பேரு அங்கதான் காரணத்தைக் கண்டாங்க.

மாட்டுன அப்புறம் நைட்ரஜன் டெஸ்ட். 150 பிஎஸ்ஐ வெச்சு அரை மணி நேரம் நிக்குதான்னு பாருங்க. ரெகுலேட்டர் இல்லாம சிலிண்டரை மாட்டுனா சாவுதான், உள்ள ரெண்டாயிரம் பிஎஸ்ஐக்கு மேல இருக்கும். வெல்டிங் கடை பக்கத்துல இருக்குதேன்னு ஆக்சிஜன் ஏத்துறவங்களும் உண்டு. எண்ணெயும் ஆக்சிஜனும் பிரஷர்ல சேர்ந்தா வெடிக்கும். டயர்க்கடை கம்ப்ரசர் காத்தும் கூடாது.

அப்புறம் வாக்யூம். இங்கதான் நான் கண்டிப்பா நிப்பேன். ரெண்டு ஸ்டேஜ் பம்ப், குறைஞ்சது முக்கா மணி நேரம். காத்தை எடுக்க பத்து நிமிசம் போதும், மிச்சமெல்லாம் ஈரத்துக்கு. 33 டிகிரி வெயில்ல தண்ணி கொதிச்சு ஆவியாகணும்னா அழுத்தம் 50 மில்லிபாருக்குக் கீழ இறங்கணும். பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரை பம்பா வெச்சு இழுக்குறவங்க இருக்காங்க. இழுக்கும், இல்லேங்கல. ஆனா அதோட எண்ணெய் ஈரமானதும் அதுக்கு மேல இழுக்காது, அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பம்பை நிறுத்தி முள்ளு ஏறுதான்னு பாருங்க. ஏறுனா கேஸ் டின்னைத் தொடாதீங்க.

கேஸ் எடை போட்டுத்தான் ஏத்தணும். எத்தனை கிராம்னு கேபின்லயோ கிரில் உள்பக்கமோ ஸ்டிக்கர் இருக்கும். கேஸ் ஓட்டம் தெரியுற சின்னக் கண்ணாடியைப் பார்த்து "நுரை அடங்குற வரைக்கும்"னு ஏத்துனா கூடுதலாப் போயி ஹை சைடு எகிறும். எஞ்சின் ஓடுறப்ப டின்னை நிமித்தி வெச்சு லோ சைடுல மட்டும். கவுத்துனா லிக்விடா போயி கம்ப்ரசரை உடைக்கும். ஓடுறப்ப ஹை சைடு வால்வைத் தொறந்தா அந்தப் பிரஷர் திரும்பி டின்னுக்குள்ள போகும். 450 கிராம் டின் கையில வெடிச்சா என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பம்ப், தராசு, நைட்ரஜன் மூணும் இல்லேன்னா, கண்டென்சரை மாட்டி முடிச்சுட்டு இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் கடைக்குப் போங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ட்ரெய்லர்45, தம்மாம்

ஊர் புதுக்கோட்டை, பதினோரு வருசமா சவுதியில ட்ரெய்லர். ஏசி நின்னா இங்க வண்டி ஒரு அடி நகராது. ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன். சர்வீஸ்ல பிரஷர் தண்ணிய முன்னாலிருந்து கண்டென்சர் மேல அடிக்க விடாதீங்க. அதோட மெல்லிய தகடு (ஃபின்) எல்லாம் மடிஞ்சு படுத்துக்கும், அழுக்கும் இன்னும் உள்ள போகும். பின்பக்கமிருந்து முன்பக்கமா, சாதா ஓஸ் தண்ணிதான். ஆசிட் கலந்த கெமிக்கல் அடிச்சா பளபளன்னு ஆகும், அந்தப் பளபளப்பு அலுமினியம் கரைஞ்சதுல வர்றது.

பன்னெண்டுவீல், நாமக்கல்

அண்ணனுங்களா, முடிச்சாச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சேன், மச்சான் கூட நின்னான். டிஸ்சார்ஜ் பைப் நட்டு ரெண்டு ஸ்பேனர் போட்டும் அசையல. மச்சான் "ஒரு பைப்பைச் சொருகி நெம்பிரலாம் மாமா"ன்னான். கேஜ்செட் அண்ணன் சொன்ன பிழிஞ்ச துணிதான் கண்ணுல வந்துச்சு, தடுத்துட்டேன். கொதிக்கிற தண்ணிய நட்டு மேல மெதுவா ஊத்திட்டு, துரு எண்ணெய் இன்னொரு தடவை அடிச்சு, இட்லி சாப்பிட்டு வந்து திருப்புனா "க்ரீக்"னு ஒரு சத்தம், வந்துருச்சு.

கண்டென்சரை வெளிய எடுத்துத் திருப்பிப் பார்த்தப்பதான் விசயம் புரிஞ்சுது. கீழ் வலது பிராக்கெட்டுல ரப்பர் புஷ்ஷே இல்ல. எப்ப விழுந்துச்சோ. இரும்பு விளிம்பு கடைசிக் குழாய் மேல நேரா உக்காந்து, ஒவ்வொரு குழியிலயும் தேய்ச்சுத் தேய்ச்சு, அரிசி நீளத்துக்குப் பளபளன்னு ஒரு தடம். அதோட நடுவுல ஊசிக் குத்து. இடது பக்கப் புஷ்ஷும் பாதிதான் மிச்சம். இதைப் பாக்காம 19 ஆயிரம் குடுத்துப் புதுசு போட்டிருந்தா அதுவும் அதே இரும்பு மேலதான் உக்காந்திருக்கும்.

புஷ் ரெண்டு கடையில கேட்டேன், தனியா வராதுன்னுட்டாங்க. பழைய டயர் ஃப்ளாப் ரப்பர்ல இருந்து வட்டமா வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, மேலயும் கீழயும் வாஷர் குடுத்துப் போட்டிருக்கேன்.

ரேடியேட்டர் நடுவுல அரை பக்கெட் குப்பை. ஒரு முழு வண்ணத்துப்பூச்சி ரெக்கை கலையாம ஒட்டியிருந்துச்சு, எந்த ஊருதோ.

கேஸ் வேலைக்கு நைட்ரஜனும் தராசும் வெச்சிருக்குற ஒரு கடைக்குப் போனேன். 150ல அரை மணி நேரம் முள்ளு அசையல. வாக்யூம் 50 நிமிசம். ஸ்டிக்கர்ல போட்டிருந்த கிராமைத் தராசுல வெச்சே ஏத்துனாங்க. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல சாமி படத்துக்குக் கீழ இருக்குற வென்ட்ல தெர்மாமீட்டரைச் சொருகுனா 9 டிகிரி. கண்டென்சர், டிரையர், ரிங், ஆயில், கேஸ், கடைக்கூலி எல்லாம் சேர்த்து ஒம்பதாயிரத்துச் சில்லறை. அன்னிக்கு நைட்டே விஜயவாடா லோடு ஏத்திட்டேன். இப்ப பன்னெண்டு நாள் ஆச்சு, தொப்பூர் மலை ஏறுறப்பவும் ஏசி கிளட்ச் விடல.

ரிக்மேனேஜர், திருச்செங்கோடு

நாலு நாள் ஆகும்னேன், ஒரே நாள்ல முடிச்சிருக்கீங்க. கேஸ் வேலைய கடையில குடுத்ததாலதான் முடிஞ்சுது, அதையும் சொல்லிக்கறேன்.

கேஜ்செட், சேலம்

அப்படியே இருக்கட்டும், நல்லதுதானே. தம்பி, ஃப்ளாப் ரப்பர் பரவாயில்ல, ஆனா அது கெட்டி. குழாய் பக்கமா விளிம்பு நீட்டிக்கிட்டு இருந்தா பிளேடால சீவி விட்டுருங்க. ரெண்டு ட்ரிப் கழிச்சு பிராக்கெட் போல்டை ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க, ரப்பர் அமுங்குனதும் லூஸாகும்.

உப்புலோடு, தூத்துக்குடி

அண்ணாச்சி பதிவைப் படிச்சதும் வண்டிய ஓரங்கட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எனக்கு ரெண்டு பக்கமும் புஷ் இல்ல. இத்தனை வருசமா பழிய உப்பு மேலயே போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் போல. ஃப்ளாப்பை எத்தனை இன்ச் வட்டத்துக்கு வெட்டுனீங்க, அதை மட்டும் சொல்லுங்க.

பன்னெண்டுவீல், நாமக்கல்

ரெண்டே கால் இஞ்ச்சுங்க. உங்க பிராக்கெட்டை ஒரு தடவை அளந்துட்டு வெட்டுங்க, வண்டிக்கு வண்டி மாறும். நடு ஓட்டைய சைலன்சர் போல்டைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துனேன், நாத்தம்தான் தாங்கல.